எங்கள் கரைக்கு வந்த ஆட்டம்

காலை ஷிப்டில் சாப்பாட்டு மணி அடித்ததும் லாக்கரிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். பதினேழு தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே எண். வீட்டில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் அது அம்மாவின் எண் இல்லை. சூரத்தில் இருக்கும் ஒடியாக்காரத் தம்பியின் எண்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் லேபில் எனக்கு வேலை. உலையிலிருந்து மொண்டு ஊற்றிய இரும்பு, வில்லையாக இறுகி என் மேசைக்கு வரும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இயந்திரத்தில் வைத்தால் ஒரு பொறி பறக்கும். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று திரையில் எண்கள் வரும். நான் சொல்லும்வரை உலைக்காரர்கள் அடுத்த வேலையைத் தொட மாட்டார்கள். அதனால் வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது.

பயந்துகொண்டேதான் திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா! உன்னோட ஊர் வந்திருச்சி!"

"எந்த ஊர்லருந்து? யாருப்பா வந்தாங்க?"

"ஆள் வரல அக்கா! கேம்! நம்ம கேம்ல உன்னோட ஊர் வருது! பாத்தியா, இல்லியா?"

அவன் ஆறு வருடம் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவன். பக்கத்து ரோலிங் மில்லில் வேலை. ஒரே அறையில் நான்கு பேர். ஷிப்ட் மாறி மாறி ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருப்பார். அவனிடம் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று இருந்தது. தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு என்று அதை எடுக்கவே மாட்டான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் என் ஸ்கூட்டி சறுக்கி வலது கால் உடைந்தது. பிளேட் வைத்துத் தைத்து, மூன்று மாதம் எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் மூன்று நாள் சேர்ந்தாற்போல் படுத்தவள் இல்லை. நான்காம் நாளே சுவரைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டேன். அழுகைச் சத்தம் மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் அவன் அந்தப் பெட்டியையும் ஒயர்களையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். வாசலிலேயே நின்று, "அக்கா, இது சும்மாதான் இருக்கு. நீ ஆடு. கால் வேணாம், கை போதும்" என்றான்.

அந்த வார்த்தைக்கு நான் எத்தனையோ முறை நன்றி சொல்லிவிட்டேன். இன்னும் தீரவில்லை. பிறகு அவனுக்கு சூரத்தில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது பெட்டியை எடுத்துப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். "அங்க ரூம் இன்னும் சின்னது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான்.

அவன் தந்த ஆட்டங்களில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. தொடராக வருகிற ஆட்டம். ஒவ்வொரு முறையும் ஒரு நாடு, ஒரு நூற்றாண்டு. ஒருமுறை பனி கொட்டுகிற கோட்டை நகரம், இன்னொரு முறை பாலைவனம். எந்த நாடாக இருந்தாலும் நாம் கடிதம் சுமக்கிறவர். ராஜாக்களும் தளபதிகளும் குறுக்கே வருவார்கள், போவார்கள். சந்தையில் நுழைந்து, ஆற்றைக் கடந்து, காவல்காரர்கள் கண்ணில் படாமல் கடிதத்தை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. எழுந்து கழிப்பறை வரை போக முடியாத நான், அந்த மூன்று மாதத்தில் மூன்று நாடு நடந்தேன்.

அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அம்மா பொன்னேரிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் எங்களை வளர்த்தவள். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த பிறகுதான் அவள் சேற்றிலிருந்து காலை எடுத்தாள். அப்பா போன பிறகு என்னோடு இருக்கிறாள். ஒருநாள் திரையில் ஒரு வயலோரமாகக் கடிதத்தோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

"நில்லு மே," என்றாள் அம்மா. "அந்தம்மா அப்பலேருந்து குனிஞ்சினே கீது. நிமிரவே இல்ல. இன்னான்னு கேளு."

"அதுகிட்ட பேச முடியாதும்மா. சும்மா அழகுக்கு வெச்சிகிறாங்க."

"நாத்து நடறவ பேச மாட்டாளா? வாய் ஓயாம பேசிகினுதான் நடுவோம். இன்னா கேமு இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பொத்தானை எத்தனை முறை அழுத்திப் பார்த்தும் அந்தப் பெண் நிமிரவில்லைதான்.

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் வேறொரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட் என்பதால் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புது ஆட்டத்தின் முன்னோட்டத்தை டிவியில் போட்டேன்.

இரண்டே நிமிடம்தான். முதலில் தண்ணீர். கடல் என்று நினைத்தால் அலை இல்லை. தண்ணீரை அடுத்து ஒரு மணல் திட்டு, அதற்கு அப்பால்தான் அலை. தண்ணீர் மேலே பூநாரைகள் கூட்டமாக எழுந்தன. கணவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏய், பழவேற்காடு மே இது!" என்றார்.

செங்கல் கோட்டை, துணி மூட்டை ஏற்றிய படகுகள், தூரத்தில் பாய்மரக் கப்பல். சென்னை என்று ஒரு பட்டணம் வளர்வதற்கு முன்னால் டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்திறங்கிய காலம். நெல் வயலில் ஒரு வரிசைப் பெண்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து நேரே நம்மைப் பார்க்கிறாள். அவள்தான் இந்த முறை கடிதம் சுமக்கிறவள். கடைசியில் கரையோரம் இன்னொரு வரிசை. கயிற்றால் பிணைத்த ஆட்கள், பெண்களும் இருக்கிறார்கள், படகில் ஏற்றப்படுகிறார்கள். அதில் ஒருத்தி கதாநாயகியின் தங்கை. அதோடு இருட்டு.

அம்மாதான், "இன்னொரு வாட்டி போடு" என்றாள். மூன்று முறை பார்த்தாள். கீரை அப்படியே கிடந்தது.

எனக்கு ஆனந்தமாக இருந்தது. இதே ஆனந்தத்தில் எல்லோரும் துள்ளுவார்கள் என்று நினைத்து, இந்த ஆட்டத்துக்கென்று இருக்கும் தமிழ் ரசிகர் குழுவைத் திறந்தேன். நான்கு வருடமாக அதில் இருக்கிறேன். விருப்பக்குறி போடுவதோடு சரி, ஒரு வரி எழுதியதில்லை.

முதல் ஒரு மணி நேரம் திருவிழாதான். "நம்ம ஊருடா!" என்று கத்தல், விசில், படகு முதல் பூநாரை வரை வைத்துக் கேலிப்படங்கள். பொன்னேரி ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் கதாநாயகியை ஒட்டி ஒருவர் போட்டிருந்தார். வெளிநாட்டு ரசிகர்களில் சிலர், யாருக்கும் தெரியாத ஓர் ஏரிக்கரையை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அலுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நம் ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

மாலைக்குள் காற்று மாறியது. குழுவை நடத்துகிற நிர்வாகியே நீளமாக எழுதியிருந்தார். 'கப்பல் கட்டிப்போய்க் கடல் தாண்டி நாடு பிடித்த இனம் நாம். நம்மிடம் ராஜாக்கள் இல்லையா, போர்கள் இல்லையா? உலகமே பார்க்கப்போகிற முதல் தமிழ் ஆட்டத்தில் நம்மைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போவதைத்தான் காட்ட வேண்டுமா? இது அவமானம்.' அதற்கு ஆயிரக்கணக்கில் ஆதரவு. இப்படியெல்லாம் நடக்கவே இல்லை, கட்டுக்கதை என்றார்கள் சிலர். ஆட்டத்தைப் புறக்கணிப்போம் என்றும் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் அதைப் படித்துப் படித்து மனசு கனத்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். என்ன எழுதினேன் என்று ஏறக்குறைய நினைவிருக்கிறது. 'நான் இந்தப் பக்கத்துக்காரி. என் அம்மா நாற்று நட்டவள். அவளுடைய அம்மாவும் நட்டவள். எங்கள் குடும்பத்தில் எவ்வளவு மேலே போனாலும் ராஜா கிடைக்க மாட்டார். நான்கு வருடமாக இந்த ஆட்டத்தில் எங்களைப்போல் குனிந்து வேலை செய்கிறவர்களைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறேன். அவர்கள் நிமிர்ந்ததே இல்லை. இந்த முறை ஒருத்தி நிமிர்ந்தாள். என் அம்மா அதை மூன்று தடவை பார்த்தாள். எனக்கு அவமானமாக இல்லை. செய்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.'

போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வந்தபோது நூற்றுக்கும் மேல் பதில்கள். நல்லதாகவும் சில இருந்தன. பெண் பெயரில் ஏதோ ஆண்பிள்ளை எழுதுகிறான், போலிக் கணக்கு என்றார்கள் பலர். ஒருவர் மட்டும் ரொம்ப மரியாதையாக, 'நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு?' என்று கேட்டிருந்தார். எந்தத் தெரு என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன்.

"இன்னாத்துக்கு அழிக்கிற?" என்றார் கணவர். "நீ இன்னா பொய்யா எழுதிகிற?"

அழிக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தபோது அசிங்கமான பதில்கள் ஒன்றுகூட இல்லை. நிர்வாகி எல்லாவற்றையும் நீக்கியிருந்தார். எனக்குத் தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார். 'அக்கா, உங்கள் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனா என் குழுவுல ஒருத்தர்கிட்ட தெரு கேக்கறத நான் விட மாட்டேன். மன்னிச்சிடுங்க.' அந்த ஆளை நீக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். என்னோடு ஒத்துப்போகாத ஒருவர் எனக்காக அப்படி நின்றது, ஒத்துப்போகிற பத்துப் பேர் நின்றதைவிடப் பெரிதாக இருந்தது.

அதே நாளில்தான் அந்த இன்னொரு பதிலும் வந்தது. தமிழில் இருந்தது, ஆனால் யாரும் பேசாத தமிழ். இயந்திரம் மொழிபெயர்த்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

'வணக்கம் சகோதரி. நான் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்தில் வசிக்கும் ஆசிரியை. இந்த விளையாட்டுகள் அனைத்தையும் நான் விளையாடியுள்ளேன். எங்கள் குடும்ப மரத்தின் மிக மேலே ஒரு பெண் இருக்கிறாள். அவள் கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டாள். அவளது பெயர் எசமானரால் வைக்கப்பட்டது. பெயருக்குப் பிறகு கோரமண்டல் என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. அவளது தாயின் பெயர் இல்லை. கிராமம் இல்லை. காணொளியைப் பார்த்து நான் என் அம்மாவை அழைத்தேன். நாங்கள் அழுதோம். தயவுசெய்து சொல்லுங்கள், அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது? அங்கே காற்று எவ்வாறு சத்தமிடுகிறது?'

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கோரமண்டல்னா இன்னா?"

"நம்ம கடற்கரைக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரும்மா. கப்பல்ல ஏத்திக்கினு போனவங்களுக்கு ஊர் பேர எழுதல. கரை பேர மட்டும் எழுதிகிறாங்க."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ அது நம்ம ஊட்டுப் பொண்ணு" என்றாள்.

"அத்தை, இந்தக் கரை எம்மாம் நீளம்," என்றார் கணவர். "நாகப்பட்டினம் பக்கமாக்கூட இருக்கும். ஆந்திராவா இருந்தாலும் இருக்கும். நீ எப்டி சொல்ற?"

"இருக்கட்டுமே. வேற எவளாவது வந்து எங்க ஊட்டுப் பொண்ணுன்னு கேக்கட்டும், உட்டுக் குடுக்கறேன். அதுவரைக்கும் நம்ம ஊட்டுப் பொண்ணுதான். காத்து எப்டி கீதுன்னு கேக்குது பாரு. என்னக் கூட்டினு போ. காட்டுவோம்."

அடுத்த ஞாயிறு பழவேற்காடு போய் வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று அந்த ஆசிரியைக்கு எல்லோரும் பார்க்கும்படியே பதில் எழுதினேன். சனிக்கிழமை நிர்வாகியிடமிருந்து செய்தி. 'அக்கா, நானும் வரலாமா? என்கிட்ட நல்ல கேமரா இருக்கு, மைக் இருக்கு. காத்து சத்தம் போன்ல சரியா விழாது.'

ஞாயிறன்று நானும் அம்மாவும் பொன்னேரி ஸ்டேஷனில் காத்திருந்தோம். மின்சார ரயிலிலிருந்து கறுப்பு டிஷர்ட் போட்ட, கொஞ்சம் பூசினாற்போன்ற, கண்ணாடிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அம்மா என் காதில் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "இவனா உன்னத் திட்டுனவன்? பாத்தா பச்சப் புள்ளையாட்டம் கீறான்" என்றாள்.

"திட்டலம்மா," என்றார் அவர், முகம் சிவந்து. "சண்டதான் போட்டேன்."

"போடு நைனா. சாப்ட்டியா? அது சொல்லு."

பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போக முடிந்தது. அவர் ஆவடிக்காரர், ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. வழியெல்லாம் அம்மா அவரிடம், சிவப்பு ஓட்டு வீடு யாருடையது, எந்த வயலில் எந்த வருடம் நட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பழவேற்காட்டில் கோட்டை என்று சொல்ல இப்போது ஒன்றும் இல்லை. முள்ளுப்புதர் மண்டிய மேடும் செங்கல் துண்டுகளும்தான். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசல் கல்லில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள், அவற்றில் கப்பலும் கேடயமும் நுணுக்கமான எழுத்தும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு தம்பி?"

"வியாபாரிங்கம்மா. ஆபீசருங்க, அவங்க வீட்டம்மா, கொழந்தைங்க. அவங்க பாஷைல எழுதியிருக்கு."

"நம்ம ஆளுங்க யாராவது கீறாங்களா?"

"இல்லம்மா."

"மூட்டை தூக்குனவங்க, நட்டவங்க, படகு தள்ளுனவங்க எல்லாம் செத்தாங்கல்ல? அவங்கள எங்க போட்டாங்க?"

அவர் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு குழந்தையின் கல்லறை மேல் விழுந்திருந்த சருகைக் கையால் தள்ளிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "அக்கா, நீங்க எழுதுனப்புறம் நான் தேடிப் படிச்சேன். நடந்துதான் இருக்கு. பஞ்சம் வந்தப்போ சோத்துக்கில்லாம புள்ளைங்கள வித்துருக்காங்க. சண்டைல புடிச்சவங்களையும் வித்துருக்காங்க. இதே கரைலருந்து கப்பல் போயிருக்கு. நான்தான் கட்டுக்கதைன்னு சொன்னவங்களுக்கெல்லாம் லைக் போட்டேன்."

"நீங்க சொன்னதும் பொய்யில்லையே. ராஜாங்க இருந்தாங்கதானே?"

"இருந்தாங்க." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எங்க தாத்தா இலங்கைல தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு. கூலிக்காரங்க லைன் வீட்ல வளந்தவரு. எங்கப்பா அத யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. நான் ஸ்கூல்ல ராஜா கத படிச்சிதான் நிமிந்து நடந்தேன். அதான் அந்த வீடியோ பாத்தப்போ கோவம் வந்துச்சி. எங்க வீட்ட யாரோ வெளிய காட்டிட்ட மாதிரி."

அவர் அதைச் சொன்னதற்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஏரிக்கரைக்குப் போனோம். பூநாரைகள் வருகிற பருவம் இல்லை. கொக்கும் நாரையும்தான் நின்றன. இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டு நீண்ட கழியை ஊன்றித் தள்ளினார். முன்னோட்டத்தில் ஏரிக்குப் பின்னால் பெரிய மலை ஒன்று நின்றதைப் பற்றி அவரிடம் கேட்டோம். "இங்க ஏதுங்க மலை? எங்க பாத்தாலும் தண்ணிதான்" என்று சிரித்தார். அதை ஆட்டம் செய்கிறவர்களுக்கு எழுதிப்போட வேண்டும் என்று நிர்வாகி குறித்துக்கொண்டார்.

மணல் திட்டில் இறங்கியதும் அவர் மைக்கைத் தூக்கிப் பிடித்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் நின்றோம். ஒருபக்கம் கடல் இரைச்சல். ஏரிப்பக்கம் காற்று தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகிற மெல்லிய சத்தம். சவுக்குத் தோப்பில் வேறு மாதிரி. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் இங்கே காற்று மூன்று விதமாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருத்தி கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

பிறகு அம்மாவைப் பேசச் சொன்னோம். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள்.

"யம்மா, நல்லா கீறியா? உங்கம்மா நல்லா கீறாங்களா? ஊர் பேர் தெர்லன்னு அழுதியாமே. அழாத. இதான் ஊரு. இதான் காத்து. உன்ன ஏத்திக்கினு போனப்போ யாரும் தடுக்கல. தடுக்க முடில. அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் கண்ணு. இங்க உனுக்கு ஊடு கீது. எப்ப வேணா வா. மீன் கொழம்பு வெச்சித் தர்றேன், துண்ணுட்டுப் போ."

நிர்வாகி கேமராவை இறக்காமல் நின்றார். படகுக்காரர்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

அந்த வீடியோவை அவர் வெட்டவில்லை, இசை சேர்க்கவில்லை. கீழே ஆங்கிலத்தில் மட்டும் எழுத்துப் போட்டுக் குழுவில் ஏற்றினார். மேலே தன் பெயரில் எழுதினார். 'முதலில் நான் எழுதியதை அழிக்கப்போவதில்லை, அப்படி நினைத்தேன் என்பது உண்மை. இப்போது அப்படி நினைக்கவில்லை.' தாத்தா பிறந்த தோட்டத்தைப் பற்றியும் நான்கு வரி எழுதியிருந்தார்.

அதன் பிறகு குழுவில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. புறக்கணிப்போம் என்றவர்களில் பாதிப் பேர் அமைதியானார்கள். மீதிப் பேர் இன்றும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மலேசியாவில் ரப்பர் மரத்தில் பால் எடுத்தவரின் பேத்தி, மொரீஷியஸில் தமிழ் மறந்துபோன குடும்பத்துப் பையன், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள். ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் எல்லோரும் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசினார்கள்.

எல்லோரும் சேர்ந்து ஆட்டம் செய்கிறவர்களுக்குக் கடிதம் எழுதினோம். மலையை எடுத்துவிடுங்கள், துடுப்பு வேண்டாம், படகைக் கழியால் தள்ள வையுங்கள், நாற்று நடுகிறவர்கள் பேச வேண்டும் என்று கேட்டோம். நன்றி, உங்கள் அன்புக்கு மகிழ்ச்சி என்று இரண்டு வரி பதில் வந்தது. எல்லோருக்கும் அனுப்புகிற பதில் என்று பார்த்தாலே தெரியும். சில மாதம் கழித்து இரண்டாவது முன்னோட்டம் வந்தது. மலை அப்படியே நிற்கிறது. ஆனால் வயலில் நடுகிற பெண்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். எங்கள் கடிதத்தால்தானா, முன்பே அப்படித்தான் செய்துவைத்திருந்தார்களா, தெரியாது. அம்மா மட்டும் தன்னால்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுக்கவில்லை. ஆட்டம் இன்னும் வெளியாகவில்லை.

கேப் டவுன் ஆசிரியை அம்மாவின் வீடியோவைத் தன் தாயாருக்குப் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். பார்த்து முடித்ததும் எழுந்துபோய் நல்ல உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, தானும் பேச வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து இரண்டு அம்மாக்களும் ஞாயிறு மாலையில் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். இவளுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு இவள் மொழி தெரியாது. நானும் ஆசிரியையும் கொஞ்ச நேரம் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். பூசணிக்காயைத் தூக்கிக் காட்டுகிறார்கள், பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டுகிறார்கள், முட்டிவலியை நடித்துக் காட்டுகிறார்கள்.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று கோயிலிலிருந்து வந்ததும் அழைப்பு வந்தது. அவர்கள் வீட்டு மேசையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். பெரிய வெள்ளிக்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற மீன் என்றார் ஆசிரியை. மஞ்சள் நிறக் குழம்பில் வெங்காய வளையங்கள் மிதந்தன. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைக் கிட்டே இழுத்தாள்.

"மஞ்சத்தூள் போட்ருக்காங்க மே. மல்லி போட்டாங்களான்னு கேளு."

கேட்டேன். போடுவார்களாம். புளிக்குப் பதில் வினிகர். செய்து இரண்டு நாள் ஊறவைத்துக் குளிரச் சாப்பிட வேண்டுமாம்.

"பழைய கொழம்பு," என்றாள் அம்மா, சந்தேகமே இல்லாமல். "மறுநாள் மீன் கொழம்புதான் ருசின்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு."

அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அந்த அம்மாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு துண்டு மீனை முள்கரண்டியில் எடுத்துக் கேமராவுக்கு நேராக நீட்டினார். இந்தப் பக்கம் என் அம்மா வாயைத் திறந்து அதை வாங்கிக்கொள்வதுபோல் செய்துவிட்டு, ரொம்ப நேரம் மென்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உப்பு சரியாத்தான் கீது, சொல்லு" என்றாள்.